தொள்ளாயிரத்து இருபது அடி

ஆத்தா, உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன்.
தெரிந்தும் நீ கேட்காமல் இருக்கிறாய்.

அன்றைக்குப் பூசாரி
என் கையில்தான் கொடுத்தார் இரண்டு பூவையும்.
வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று.
"ஒரே மாதிரி மடிச்சுக் கொண்டா அம்மிணி."
குழாயடிக்குப் போய்க் காலண்டர் தாளைக் கிழித்தேன்.
உன் மதிலோரம் செடி நிறைய வெள்ளரளி.
இன்னொன்று பறிக்க
எவ்வளவு நேரமாகும்?

சிவப்பு என் முந்தி முடிச்சுக்குப் போனது.
வீட்டுக்கு வந்ததும்
கொள்ளு விதை டின்னுக்குள்.

தேங்காய்க் கடைக்காரரின் பேத்தி
மூக்கொழுக வந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.
பிரித்தார்கள். வெள்ளை.
அவர் முகத்தை நீயும் பார்த்திருப்பாய்,
இரண்டு வருசமாகக் கிணற்றுக்குள்
எட்டி எட்டிப் பார்த்தே கறுத்த முகம்.
வெள்ளகோயில் தாண்டும் வரை
வண்டியில் பேச்சை நிறுத்தவேயில்லை மனுசன்.

திருச்செங்கோட்டு ரிக் பொழுது சாய வந்தது.
முந்நூறு அடி. புழுதி.
அறுநூறு. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் புழுதி,
காயப்போட்ட துணியில், எருமை முதுகில்,
எங்கள் புருவத்தில்.
எழுநூறுக்கு மேல் அடிக்கு அடி ரேட் ஏறியது.
என் கழுத்தில் கிடந்தது
கூட்டுறவு பாங்கில் கிடந்தது.
விடியக்காலம் நாலு மணிக்கு டிரில்லர்காரர் வந்து,
"ராக்கியண்ணே, கம்பி தீந்துபோச்சுங்" என்றார்.
தொள்ளாயிரத்து இருபது.
இஞ்சினை நிறுத்தினார்கள்.
அதற்கப்புறம் இருந்த அமைதியில்
பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடுவது கேட்டது.

அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை, ஆத்தா.
அவர் புரண்டு படுத்தால் விழித்தேன்.
புரளாவிட்டாலும் விழித்தேன்.
சாளையில் இருந்த மருந்து டப்பாவை எடுத்து
தட்டுப்போருக்குள் ஆழமாகச் சொருகினேன்.
உன்னை ஒரு வார்த்தை திட்டக்கூட முடியவில்லை.
எந்த வாயால்?
கையெழுத்து உன்னுடையது, போட்டது நான்.

ஒன்பதாம் நாள் ராத்திரி கட்டில் காலி.
ஓடினேன். போர் பைப்புக்குப் பக்கத்தில்
குத்த வைத்து உட்கார்ந்து
கல்லைப் போட்டுப் போட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அன்னிக்கு ரெண்டுமே வெள்ளைங்க."

இன்னொரு கல்லைப் போட்டார்.
"தெரியும். இன்னொரு பொட்டலத்த
அங்கயே வேலுக்குப் பின்னால நின்னு பிரிச்சுப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா ரிக்கக் கூப்புட்டீங்க?"

"எனக்கும் ஆசதான, புள்ள.
வேண்டாங்கறதுக்கு ஆத்தாளுக்கு
ஒரு பூவுதானா வழி?"
பைப்பைத் தட்டினார்.
"இத்தன நீளத்துக்குச் சொல்லீட்டா பாரு."
சிரித்தார். பல் மட்டும் தெரிந்தது இருட்டில்.
"அந்த மருந்து டப்பாவ எங்க வெச்ச?
முருங்கைல புழு வுழுந்திருக்குது."

ஆத்தா,
தண்ணீர் தருகிறேன் என்று நீ சொல்லவில்லை.
அது நான் மடித்த தாள்.
நீ சொன்னது வேறென்னவோ.
கல் விழும் சத்தத்துக்காக இரண்டு பேரும்
மூச்சடக்கி உட்கார்ந்திருந்தபோது
பக்கத்தில் மூன்றாவதாய் யாரோ
மூச்சடக்கியிருந்த மாதிரி இருந்தது.
அதை வாக்கு என்று எடுத்துக்கொள்ளலாமா?
இந்த முறை பூக் கேட்கவில்லை.
எடுத்துக்கொண்டேன்.

காலையில் பைப்பு வாய்க்கு மூடி போட்டு
மேலே கல் தூக்கி வைத்தோம்,
யார் வீட்டுக் குழந்தையும் விழுந்துவிடாமல்.
வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை.
டிராக்டர்காரர் உழுதுவிட்டுக் காசு கேட்காமல் போனார்,
அடுத்த வாரம் கேட்பார்.
புழுதி விதைப்பு.
ஈரம் வந்தால் முளைக்கும்.
அதுவரைக்கும் எறும்புக்குத் தெரியாமல் கிடக்க வேண்டும்.

டின்னைத் திறந்து அள்ளி வீசிக்கொண்டே போனேன்.
நாலாவது சாலில்
கொள்ளோடு கொள்ளாய்
காய்ந்து சுருண்ட சிவப்பு ஒன்று
கைவிட்டுப் போய் மண்ணில் விழுந்தது.

பின்னால் அவர்
காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வந்தார்.